முதல் வாரத்திலேயே சான்றைக் கெடுத்தோம்: டிஜிட்டல் தடயவியல் முதுநிலைப் படிப்பு அனுபவம்

முதுநிலைப் படிப்பின் முதல் ஆய்வக வகுப்பில் எங்கள் ஒவ்வொருவர் மேசையிலும் முத்திரையிட்ட ஓர் உறையும் ஒரு படிவமும் வைக்கப்பட்டிருந்தன. உறைக்குள் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்து ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்பதுதான் பணி. வகுப்பில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. உறையைக் கிழித்தோம், டிரைவைக் கணினியில் செருகினோம், கோப்புகளைத் திறந்து பார்த்து எழுதத் தொடங்கினோம். அரை மணி நேரம் கழித்து ஆசிரியர் ஒவ்வொரு டிரைவையும் திரும்ப வாங்கி, அதன் ஹேஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கம் துளி மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை, கணக்கிட்டு, உறையிடும் முன் தாம் குறித்து வைத்திருந்த மதிப்போடு ஒப்பிட்டுக் காட்டினார். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. நாங்கள் எதையும் மாற்றவில்லையே என்று ஒருவர் முறையிட்டபோது, 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற மறைக்கப்பட்ட கோப்புறையைத் திரையில் காட்டினார். டிரைவைச் செருகியவுடன் விண்டோஸ் தானாகவே உருவாக்கியது அது. உருவான நேரம் அன்று காலை 10.12. உறையைப் பிரித்தவர் யார், பிரித்த நேரம் என்ன என்று கேட்கும் படிவத்தின் கட்டங்களோ எல்லோருடைய மேசையிலும் வெறுமையாகவே கிடந்தன.

அதற்கு முன் ஆறு ஆண்டுகள் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பிழையைக் கண்டுபிடிப்பதும், அதை மறுபடி நிகழ்த்திக் காட்டுவதும், பிறருக்குப் புரியும்படி எழுதுவதும் கைவந்தவை என்பதால், சைபர் பாதுகாப்பும் டிஜிட்டல் தடயவியலும் இணைந்த இந்தப் படிப்பு பெரிய சிரமம் தராது என்று நம்பியிருந்தேன். பாடத்திட்டத்தைப் படித்தபோது ஊடுருவல் சோதனை, தீநிரல் பகுப்பாய்வு என்ற தலைப்புகளில் கண் நின்ற அளவுக்கு, 'சான்றறிக்கை தயாரித்தல்' என்ற சிறிய பாடத்தில் நிற்கவில்லை. இப்போது யாராவது இந்தப் படிப்பில் எந்தெந்தக் கருவிகளைக் கற்றுத் தருவார்கள் என்று கேட்டால், நான் அங்கே கற்றதில் பெரும்பகுதி வாக்கியம் எழுதுவதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. தடயம் எந்த அளவுக்குப் பேசுகிறதோ அந்த அளவோடு நம் வாக்கியமும் நின்றுவிட வேண்டும் என்பது கேட்க எளிதாக இருக்கிறது. அதைப் பழக எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

சேர்பவர்கள் ஒரே பின்னணியிலிருந்து வருவதில்லை. எங்கள் வகுப்பில் நெட்வொர்க் நிர்வாகிகள், நிரலாளர்கள், சட்டம் படித்த இருவர், காவல் பணியிலிருந்து விடுப்பில் வந்த ஒருவர் என்று கலவையாக இருந்தோம். முதல் பருவத்தில் நிரலாளர்கள் மற்றவர்களை இரக்கத்தோடு பார்த்தார்கள். மூன்றாம் பருவத்தில் சட்டம் படித்தவர்கள் நிரலாளர்களை அப்படிப் பார்த்தார்கள். சேருவதற்கு முன் கிடைக்கும் மாதங்களில் லினக்ஸ் கட்டளை வரி, இணையத் தொடர்பு விதிகளான டிசிபி/ஐபியின் அடிப்படை, கொஞ்சம் பைத்தான், பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்கள் ஆகியவற்றைப் பழகிக்கொண்டால் போதும். விலையுயர்ந்த தடயவியல் மென்பொருளை வீட்டில் வைத்துப் பழக முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. வட்டு ஆய்வுக்கு ஆட்டோப்சியும் அதன் அடியில் இயங்கும் ஸ்லூத் கிட்டும், நினைவகப் பகுப்பாய்வுக்கு வொலாட்டிலிட்டியும், பிணையப் போக்குவரத்துக்கு வயர்ஷார்க்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. பயிற்சிக்கான வட்டு இமேஜ்களை, அதாவது வட்டுகளின் முழு நகல்களை, அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் நிறுவனமே பொதுவில் வைத்திருக்கிறது.

ஹேஷ் மதிப்பைப் பற்றி எல்லோரும் முதல் நாளே தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். கோப்பின் விரல் ரேகை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 1992-இல் வெளியான எம்டி5 என்ற ஹேஷ் முறையில் வெவ்வேறு இரண்டு உள்ளீடுகளுக்கு ஒரே மதிப்பு வரச் செய்யலாம் என்று 2004-இல் சீன ஆய்வாளர் வாங் ஷியாவ்யுன் குழுவினர் காட்டினார்கள்; ஷா-1 முறைக்கும் அதே கதி 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் வெளியிட்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகளால் நேர்ந்தது. ஆகவே அவற்றைவிட வலுவான ஷா-256 எடுக்கச் சொல்வார்கள், பலர் பழக்கத்தால் எம்டி5-ஐயும் சேர்த்தே எடுப்பார்கள். ஆனால் என்னைத் தலைகுனிய வைத்தது இந்த வரலாறு அல்ல. ஒரு பயிற்சியில் நான் சமர்ப்பித்த பட்டியலில் மூன்று கோப்புகளின் எம்டி5 மதிப்பு ஒன்றாகவே இருந்தது. மூன்றும் ஒரே கோப்பின் நகல்கள் என்று நம்பிக்கையோடு எழுதியிருந்தேன். டி41டி8சிடி98 என்று தொடங்கிய அந்த மதிப்பைப் பார்த்த ஆசிரியர் சிரித்துவிட்டார். உள்ளே ஒரு பைட்கூட இல்லாத வெற்றுக் கோப்புக்கு எம்டி5 எப்போதும் தரும் மதிப்பு அது. என் ஏற்றுமதிக் கட்டளை தோற்று, மூன்று வெற்றுக் கோப்புகளை உருவாக்கியிருந்தது. ஹேஷ் சரியாகத்தான் பேசியது. எதைக் கொடுத்தேன் என்று நான்தான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஹேஷுக்குப் பக்கத்தில் கோப்பின் அளவையும் எழுதாமல் விடுவதில்லை.

இரண்டாம் பருவத்தில் ஐந்து வாரங்கள் எந்தக் கருவியையும் தொடவிடாமல், வட்டின் பைட்டுகளை ஹெக்ஸ் எண்களாக அச்சிட்ட தாள்களைக் கொடுத்துக் கைக்கணக்காகப் படிக்க வைத்தார்கள். வீண் வதை என்று அப்போது புலம்பினோம். விண்டோஸின் வழக்கமான கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் கொண்ட வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் எம்எஃப்டி என்ற பெரும்பட்டியலில் வழக்கமாக 1,024 பைட் கொண்ட ஒரு பதிவு இருக்கும். 'ஃபைல்' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளோடு அது தொடங்கும். அதற்குள் நேரம் குறிக்கும் எட்டு பைட்டுகளைக் கண்டுபிடித்து, பின்னிலிருந்து முன்னாக அடுக்கி, 1601 ஜனவரி 1 முதல் கடந்த நூறு நானோ நொடிகளின் எண்ணிக்கையாக அதைக் கொண்டு, நாளும் மணியுமாக மாற்ற வேண்டும். நான் எடுத்த பதிவில் கோப்பின் பெயரில் நடுவே ஓர் எழுத்து மட்டும் அபத்தமாக வந்தது. இரண்டு மாலை முழுக்கத் தேடியபின்தான் புரிந்தது: பதிவின் ஒவ்வொரு 512 பைட் பகுதியின் கடைசி இரண்டு பைட்டுகளையும் சரிபார்ப்புக்காக என்டிஎஃப்எஸ் மாற்றி எழுதிவிட்டு, உண்மையானவற்றைப் பதிவின் தொடக்கத்தில் ஒதுக்கி வைக்கிறது. கருவிகள் இதைத் தாமாகவே திருத்திக் காட்டிவிடுவதால் பத்தாண்டு அனுபவமுள்ளவர்கள்கூட இதைப் பார்க்காமலே இருந்துவிடலாம். ஆனால் இரண்டு கருவிகள் ஒரே கோப்புக்கு இரண்டு விதமான விடை தரும் நாள் ஒன்று வரும். அன்று எந்தக் கருவி பிரபலமானது என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. பைட்டுகளிடம்தான் போக வேண்டும்.

அந்த ஐந்து வாரங்களில் இன்னொன்றும் படிந்தது. ஒரே பதிவில் நேரங்கள் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கும். ஒன்றைச் சாதாரண நிரலாலேயே மாற்றிவிடலாம். பெயர்ப் பகுதியில் உள்ள மற்றொன்றை இயங்குதளம்தான் எழுதும் என்பதால் அதை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. இரண்டும் முரண்பட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று எழுதத் துடிப்போம். ஆனால் பழைய கோப்புகளை அவற்றின் பழைய நேரத்தோடு இறக்கி வைக்கும் நிறுவல் நிரல்களும், சுருக்கிய கோப்புகளை விரிக்கும் நிரல்களும் இதே முரண்பாட்டை உண்டாக்கும். அதேபோல, உருவான நேரம் திருத்தப்பட்ட நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் மோசடி என்று நினைப்பவர்கள் வகுப்பில் பாதிப்பேர். கோப்பை வேறோர் இடத்துக்கு நகலெடுத்தாலே அப்படித்தான் வரும், ஏனெனில் நகல் உருவானது இன்று, உள்ளடக்கம் திருத்தப்பட்டது அன்று.

நேர மண்டலத்தால் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் பருவத்தின் மாதிரி வழக்கில், ஒரு நிறுவனத்தின் வடிவமைப்புக் கோப்புகள் பென் டிரைவில் வெளியேறியிருந்தன. ஒரே கணினியைப் பகலில் ஒருவரும் இரவில் ஒருவரும் பயன்படுத்தியிருந்தார்கள். பென் டிரைவ் முதன்முதலாகச் செருகப்பட்ட நேரம் விண்டோஸின் சாதன நிறுவல் பதிவேட்டில் 09.40 என்று இருந்தது. கோப்புகள் டிரைவிலிருந்து திறக்கப்பட்டதைக் காட்டும் குறுக்குவழிக் கோப்புகளில் 17.52 என்று இருந்தது. எல்லாவற்றையும் ஒரே விரிதாளில் கொட்டி, உலகப் பொது நேரமான யுடிசி என்று தலைப்பிட்டு, நேர வரிசையில் அடுக்கினேன். 09.40-க்கு உள்நுழைந்திருந்தது இரவுப் பணியாளரின் கணக்கு. ஆக, டிரைவைச் செருகியவர் அவர் என்று முடிவுரையில் அழுத்தமாக எழுதிவிட்டேன்.

உண்மை வேறு. குறுக்குவழிக் கோப்புகளின் நேரம் யுடிசியில் பதியப்படுகிறது. சாதன நிறுவல் பதிவேடோ அந்தக் கணினியின் உள்ளூர் நேரத்தில் எழுதப்படுகிறது. வழக்கில் இருந்த கணினி யுடிசியைவிட 8 மணி நேரம் பின்தங்கிய மண்டலத்தில் அமைக்கப்பட்டிருந்தது. 09.40 என்பது யுடிசியில் 17.40, அப்போது உள்நுழைந்திருந்தது பகல் பணியாளரின் கணக்கு. செருகியதற்கும் கோப்புகளைத் திறந்ததற்கும் இடையே இருந்தது 12 நிமிடமே தவிர 8 மணி நேரம் அல்ல. போதாக்குறைக்கு அந்த டிரைவ் ஃபேட் என்ற பழைய கோப்பு முறைமையில் இருந்தது. அதன் நேரங்களில் மண்டலக் குறிப்பே கிடையாது, திருத்த நேரம் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் நகரும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைத் திறக்கும் மென்பொருளோ, ஆய்வாளரின் கணினி எந்த மண்டலத்தில் இருக்கிறதோ அந்த நேரத்தில் காட்டும். மாதிரி வழக்கில் மதிப்பெண் மட்டும்தான் போயிற்று. நிஜ வழக்காக இருந்திருந்தால் சம்பந்தமில்லாத ஒருவர் வேலையை இழந்திருப்பார் என்பதை ஆசிரியர் திருத்தத்தாளின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதியிருந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது எந்த வட்டை எடுத்தாலும் முதல் மூன்று வேலைகள் மாறுவதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவகத்திலிருந்து (ரெஜிஸ்ட்ரி) கணினியின் நேர மண்டல அமைப்பை எடுத்து எழுதுகிறேன். சாதனத்தின் கடிகாரம் நம்பகமான கடிகாரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்று கைப்பற்றும்போதே பார்த்துக் குறிக்கச் சொல்கிறேன். விரிதாளில் ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் 'மூலத்தில் இருந்தபடி', 'மாற்றியபின்' என்று இரண்டு நெடுவரிசைகள் வைக்கிறேன். மூலத்தை அழித்துவிட்டு மாற்றிய நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டால், தவறு நேரும்போது எங்கே நேர்ந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க வழி இருக்காது.

மாதிரி நீதிமன்றத்தில் என்னைக் குறுக்கு விசாரணை செய்தவர் சட்டத்துறைப் பேராசிரியை. நாற்பது பக்க அறிக்கையில் அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வினைச்சொல்லை. 'பயனர் இந்தக் கோப்பை நீக்கினார்' என்று எழுதியிருந்தேன். நீக்கினார் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டார். மறுசுழற்சித் தொட்டியில் கோப்பின் பழைய இருப்பிடமும் நீக்கிய நேரமும் பதிவாகியுள்ளன என்றேன். நீக்கியது யார் என்று அதில் இருக்கிறதா என்றார். அந்தக் கணக்குக்குரிய தொட்டியில் இருக்கிறது என்றேன். கணக்கு என்பது ஆளா என்றார். கடவுச்சொல் ஆறு பேருக்குத் தெரியும் என்று வழக்குக் குறிப்பிலேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை. பத்து நிமிடம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு என்னைச் சாட்சிக் கூண்டில் வியர்க்க வைத்தார். அன்று திருத்தி எழுதிய வாக்கியம் இது: 'இன்ன கணக்கு உள்நுழைந்திருந்த வேளையில், இன்ன நேரத்தில், இந்தக் கோப்பு அந்தக் கணக்கின் மறுசுழற்சித் தொட்டிக்கு நகர்த்தப்பட்டதாக வட்டில் பதிவு உள்ளது.' படிக்கச் சப்பென்று இருக்கிறது, நீளமாகவும் இருக்கிறது; ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூட எதிர்த்தரப்பால் அசைக்க முடியவில்லை.

2005-இல் அமெரிக்காவில் டென்னிஸ் ரேடர் என்ற தொடர் கொலையாளி பிடிபட்ட கதையை வகுப்பில் எல்லோரும் வந்த புதிதிலேயே சொல்லிக்கொள்வார்கள். அவர் அனுப்பிய ஃபிளாப்பி வட்டில் நீக்கப்பட்ட வேர்டு ஆவணம் ஒன்றின் மெட்டாடேட்டாவில், அதாவது ஆவணத்தைப் பற்றிய மறைதகவலில், ஒரு தேவாலயத்தின் பெயரும் 'டென்னிஸ்' என்ற பெயரும் இருந்தன. ஃபிளாப்பி அவரைப் பிடித்துக் கொடுத்தது என்று கதை அங்கேயே முடிந்துவிடும். காவல்துறை அங்கே முடிக்கவில்லை என்பதுதான் நாங்கள் பிறகு படித்த பகுதி. மெட்டாடேட்டா ஒரு பெயரைக் கொடுத்தது. அந்தப் பெயரைக் குற்றத்தோடு பொருத்தியது அவர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் மருத்துவ மாதிரியிலிருந்து செய்த மரபணு ஒப்பீடு. விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்தது யார் என்பதை வட்டு ஒருபோதும் நேரடியாகச் சொல்வதில்லை. வருகைப் பதிவேடு, கேமரா, சாட்சி, மரபணு என்று வட்டுக்கு வெளியே உள்ளவைதான் அதைச் சொல்ல வேண்டும்.

பழைய பாடப்புத்தகங்களில் கணினியைக் கண்டால் மின்சாரத்தைப் பிடுங்கு என்று இருக்கும். அந்தக் காலம் போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியை ஒரு பயிற்சியில் அப்படி அணைத்த எங்கள் அணிக்கு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டிய வட்டு மட்டும் மிஞ்சியது. திறக்கும் சாவி நினைவகத்தோடு போயிற்று. சீக்கிரம் அழியக்கூடியதை முதலில் எடு என்ற வரிசையை 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3227 என்ற வழிகாட்டி ஆவணம் தெளிவாகவே வகுத்துத் தந்திருக்கிறது. எஸ்எஸ்டி வட்டுகளில், நீக்கிய இடங்களைத் துடைத்துவைக்கும் டிரிம் வசதியால் நீக்கப்பட்டவை, நாம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கலாம். நீக்கியதை எல்லாம் மீட்கலாம் என்ற நினைப்போடு இந்தப் படிப்புக்கு வருபவர்கள் அதை வாசலிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

பாதுகாப்புப் பாதியைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன். மறைகுறியாக்கவியல், இடர் மேலாண்மை எல்லாம் நன்றாக நடத்தப்பட்டன, தேர்வும் எழுதினேன். ஊடுருவல் ஆய்வகத்தில் கிடைத்த உற்சாகத்தில் எழுத்துமூல அனுமதியில்லாத ஓர் இணைய முகவரியை ஸ்கேன் செய்து பார்த்த சக மாணவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானதை மட்டும் சொல்லி வைக்கிறேன். எனக்கு அந்தப் பாதியில் ஒட்டிக்கொண்டது கிளிஃபோர்ட் ஸ்டோலின் அனுபவம். 1986-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணினிப் பயன்பாட்டுக் கட்டணக் கணக்கில் உதைத்த 75 சென்ட்டைத் தேடப் போய், மேற்கு ஜெர்மனியிலிருந்து நுழைந்துகொண்டிருந்த ஊடுருவல்காரரைக் கண்டுபிடித்தவர் அவர். ஊடுருவல்காரர் தட்டுவதையெல்லாம் அச்சுப்பொறிகளில் பதிவாகச் செய்துவிட்டு, நடந்ததை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி வந்தார். வானியல் படித்த அவருக்கு அது ஆய்வகப் பழக்கம்.

அந்தப் பழக்கம் எல்லா இடத்திலும் இல்லை என்பதைக் களப்பயிற்சியில் பார்த்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே சான்றுப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்ற படிவத்தை வார இறுதியில் ஒருவர் உட்கார்ந்து ஒரே பேனாவால் நிரப்புவார். திங்கள் முதல் வெள்ளி வரை எல்லாக் கையெழுத்தும் ஒரே சாய்வில் இருக்கும். என் முறை வந்தபோது, நான் வாங்காத நேரத்தை எழுத மாட்டேன் என்று சொன்னதால் அடுத்த இரண்டு வாரங்கள் எனக்குக் கேபிள் அடுக்கும் வேலைதான் கிடைத்தது. பயிற்சிக்கு இடம் தேடும்போது, என்ன மென்பொருள் வைத்திருக்கிறீர்கள் என்பதைவிட, குறிப்புகளை எப்போது எழுதுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்நியர்களின் படங்களையும் உரையாடல்களையும் நாள் முழுக்கப் பார்ப்பது மனத்தை அரிக்கும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அதற்கு ஆலோசகர் வசதி உண்டா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆய்வேட்டுக்குப் பழைய வட்டுகளை விலைக்கு வாங்கி ஆராயலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எம்ஐடி மாணவர்கள் இருவர் 158 பழைய வட்டுகளை வாங்கி, பெரும்பாலானவற்றில் தரவு சரியாக அழிக்கப்படவில்லை என்று 2003-இல் எழுதியது அந்த ஆசையைத் தூண்டியிருந்தது. அறநெறிக் குழு, அந்நியரின் தரவு என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. பிறகு, கைபேசிச் செயலிகளின் எஸ்கியூலைட் தரவுத்தளங்களில் நீக்கப்பட்ட செய்திகள் எவ்வளவு காலம் எஞ்சுகின்றன என்பதை எடுத்துக்கொண்டேன். இரண்டு சோதனைக் கைபேசிகளில் ஆறு வாரம் நானே செய்தி அனுப்பி, நானே அழித்து, ஒவ்வொன்றையும் நேரத்தோடு நாட்குறிப்பில் எழுதினேன். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் உண்மையில் என்ன நடந்தது என்று நமக்கு முன்பே தெரிந்திருந்தால்தான், கருவி சொல்வது சரியா என்று பார்க்க முடியும்.

நான்காம் வாரத்தில், தரவுத்தளத்தின் நகல் ஒன்றைச் சாதாரணப் பார்வையிடும் மென்பொருளில் திறந்து மூடினேன். பக்கத்தில் இருந்த டபிள்யூஏஎல் கோப்பு காணாமல் போயிற்று. இன்னும் முதன்மைக் கோப்பில் சேராத மாற்றங்கள் அதில்தான் இருக்கும். தரவுத்தளத்தின் கடைசி இணைப்பு மூடப்படும்போது எஸ்கியூலைட் அவற்றை முதன்மைக் கோப்பில் சேர்த்துவிட்டு அந்தக் கோப்பை நீக்கிவிடும். எதையும் மாற்றவில்லையே என்று என் வாயிலும் அதே சொல் வந்தது. மூல இமேஜ் பத்திரமாக இருந்ததால் வேலை கெடவில்லை. ஆனால் அதுவரை அந்த நகலிலிருந்து எடுத்த இரண்டு நாள் முடிவுகளை அடித்துவிட்டு, எப்போது, எந்த மென்பொருளால், எந்தக் கோப்பு போயிற்று என்று குறிப்பேட்டின் 61-ஆம் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கருவிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முடிவுகளில் இரண்டு நாள் இடைவெளி இருக்கிறதே என்றார். குறிப்பேட்டைத் திறந்து 61-ஆம் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். முழுக்கப் படித்தார், நேரத்துக்குப் பக்கத்தில் மண்டலம் எழுதியிருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டை மூடித் தந்துவிட்டு, அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம் என்றார்.